தோட்டத்திலே ஒரு தோட்டம்

(மன்றத்தின் வருடாந்தக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுக்குள்ளே தோட்டம் போடுவதைப்பற்றி இன்று பேசப்போகிறோம் என்ற அறிவித்தலைப் படித்த வாலிபர் ஒருவர், போன கிழமை எம்மை வழியிலே நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே வளர்ந்தவங்க நாங்க. எங்களுக்கு இன்னும் ஒரு தோட்டமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி எம்மை விடவில்லை. மலையகத்திலே நாம் 'தோட்டம்' என்று சொன்னால் அது நமது தோட்டம் அன்று. நாம் வேலை செய்யும் இடம் அது. நாம் விதைத்ததை நாமே பறித்துச் சட்டியில் போடும் இடம் அன்று. அந்தச் சொல்லுக்கு உலகத்தார் வழங்கும் பொருள் நம்மில் பலருடைய வீட்டு வாசலில் இன்னும் வந்து சேரவில்லை.

இரத்தோட்டையிலே இருந்துகொண்டு இதைச் சொல்வதுதான் வேடிக்கை. ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் பாதையின் இருமருங்கும் பாருங்கள். கிராமத்து வீடுகளைச் சுற்றி மேலே தென்னையும் கமுகும் பலாவும் நிற்கும். அவற்றின் கீழே கராம்பும் சாதிக்காயும் கோப்பியும். மரத்தைத் தழுவி மிளகுக்கொடி. நிலத்தோடு நிலமாய் இஞ்சி, மஞ்சள், சேம்பு. கண்டி வீட்டுத்தோட்டம் என்று இதற்குப் பெயர். வெயிலையும் நிழலையும் மாடிமாடியாகப் பங்கிட்டுக்கொள்ளும் இம்முறையை வேளாண்மை ஆராய்ச்சியாளர் பிற நாடுகளிலும் உதாரணமாக எடுத்துப் பேசுகிறார்கள். அதே மலையில் இன்னும் சற்று மேலே ஏறினால் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, அதற்கு முன்னால் ஒரு சாண் வாசல், பிறகு கான். கீழே உள்ளவர் கறிவேப்பிலையைக் கொல்லையில் பறிக்கிறார். மேலே உள்ளவர் கடையில் வாங்குகிறார். நடுவே இருப்பது கால் மைல் தூரமும் ஒரு காணி உறுதியுந்தான்.

எனவே அந்த வாலிபருடைய கேள்வியை நாம் இப்படி மாற்றிக்கொண்டோம்: நிலமில்லாதவன் எதிலே பயிரிடுவது? அவசரத்தில் விடை சொல்ல வேண்டாம். முதலில் அண்மையில் நாம் எல்லோரும் பட்ட பாட்டை ஒருமுறை நினைத்துப் பார்ப்போம்.

2021ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் தேதி வந்த வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளைகளும் பூச்சிகொல்லி மருந்துகளும் இந்நாட்டுக்குள் வருவது தடுக்கப்பட்டது. நாடு முழுவதும் ஒரே மூச்சில் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்பது நோக்கம். நவம்பர் மாதக் கடைசியில் அத்தடையை நீக்கவேண்டி வந்தது. அதற்குள் பெரும்போகத்து நெல் கெட்டது. தேயிலைக் கொழுந்து குறைந்தது. அடுத்த வருஷம் அந்நியச் செலாவணியும் தீர்ந்து, எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். நாட்டில் ஏறக்குறைய 63 இலட்சம் பேருக்கு உணவு உறுதியில்லை என்று ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் அந்த மாதத்திலேயே அறிவித்தன. கிராமம், பட்டினம், தோட்டம் என்ற மூன்று துறைகளிலும் மிக மோசமாக அடிபட்டது தோட்டத்துறைதான். இதை அறிக்கை பார்த்தா நாம் அறியவேண்டும்?

அந்த ஆண்டு ஜூன் மாதத்திலே, வீட்டில் பயிர் செய்வதற்கென்று அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு மூன்று மாதம் வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கத் தீர்மானித்தார்கள். நல்ல யோசனைதான். காலையில் பெரட்டுக்குப் போய் நாட்சம்பளத்துக்குக் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அந்த வெள்ளிக்கிழமை வந்து சேரவில்லை.

சேதனப் பசளை தோற்றுவிட்டது என்று சிலர் அப்போது முடிவு கட்டினார்கள். இன்றும் அப்படிப் பேசுபவர்கள் உண்டு. நாம் அதை ஒப்புக்கொள்வதில்லை. தோற்றது கணக்கு. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள், இளைஞர்களே. இது பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். நல்ல கூட்டெருவிலே நூற்றுக்கு ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரை. அப்படியானால் ஒரு கிலோ யூரியா கொடுக்கும் நைதரசனைக் கொடுக்க ஏறக்குறைய 46 கிலோ கூட்டெரு வேண்டும். ஓர் ஏக்கர் நெல்லுக்கு 40 கிலோ நைதரசன் தேவை என்று வைத்துக்கொண்டால் 4 தொன் கூட்டெரு வேண்டும். அதிலும் அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். மிச்சத்தை மண் மெல்ல மெல்லத்தான் விடும். இப்படி இலட்சக்கணக்கான ஏக்கருக்கு ஆறு மாதத்தில் எருவைக் குவிக்க யாரால் முடியும்?

இப்போது இதே கணக்கை ஒரு வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் உரச் சாக்கில் பாதிக்கு மேல் மண், மூன்றிலொரு பங்கு கூட்டெரு, கொஞ்சம் தும்புச்சோறு. ஒரு சாக்குக்கு எரு எட்டுக் கிலோ போதும். நாலு சாக்குக்கு முப்பத்திரண்டு கிலோ. ஒரு குடும்பத்தின் சமையலறைக் கழிவையும் சுற்றுவட்டத்துச் சருகையும் கொண்டு மூன்று நாலு மாதத்தில் இவ்வளவையும் ஆக்கிவிடலாம். நாட்டுக்கு ஒரு போகத்தில் முடியாமற்போனது ஒரு குடும்பத்துக்கு முடியும். குடும்பம் கெட்டிக்காரத்தனம் மிகுந்தது என்பதாலன்று. அதன் தேவை சிறியது என்பதால்.

சரி, மண்ணே இல்லாமல் பயிரிடும் முறை ஒன்று உண்டே, அதை என்ன செய்வது என்பீர்கள். ஐதரோபோனிக்ஸ் என்று சொல்லப்படுவது அது. கைத்தொலைபேசியிலே இதைப் பார்த்துவிட்டு, "இது சேதன விவசாயம்" என்று எம்மிடம் சொன்னவர்கள் பலர். அப்படியன்று. இரண்டும் எதிரெதிர் திசையில் நடப்பவை. சேதன முறையிலே மண்ணுக்கு உணவூட்டுகிறோம், மண் பயிருக்கு ஊட்டுகிறது. ஐதரோபோனிக்ஸில் மண்ணை நடுவிலிருந்து விலக்கிவிட்டு, பயிருக்கு வேண்டிய உப்புக்களை நீரில் கரைத்து நேரே வேருக்குக் கொடுக்கிறோம். அந்த உப்புக்கள் இரசாயனப் பசளையேதான். 2021இல் எந்தச் சாமான்களுக்குக் கதவடைத்தார்களோ அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றைப் பெருமையாகவும் மற்றதைப் பாவமாகவும் நாம் சொல்லவில்லை. எது எதுவென்று தெரிந்து கையிலெடுக்க வேண்டும் என்கிறோம்.

இம்முறையின் வரலாறு நீண்டது. 1699இல் ஜோன் வுட்வர்ட் என்ற ஆங்கிலேயர் புதினாச் செடியை மழைநீரிலும் ஆற்றுநீரிலும் மண் கலந்த நீரிலும் வளர்த்து, மண் கலந்த நீரிலே வளர்ந்ததுதான் கொழுத்தது என்று கண்டார். ஆகவே நீர் மட்டும் போதாது, நீரில் கரைந்திருக்கும் ஏதோவொன்று வேண்டும் என்று தெளிவாயிற்று. அந்த ஏதோவொன்று என்னென்ன உப்பு என்பதை 1860ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியிலே சாக்ஸ், நொப் என்ற இருவர் வரையறுத்தார்கள். பிறகு 1929 தொடக்கம் கலிபோர்னியாவில் கெரிக்கே என்பவர் தொட்டிகளில் தக்காளிக் கொடியை ஏணி வைத்துப் பறிக்கும் உயரத்துக்கு வளர்த்து ஊரையே வியக்க வைத்தார். 1937இல் ஐதரோபோனிக்ஸ் என்ற பெயரை அச்சில் வழங்கியவரும் அவரே. பத்திரிகைகள் இனி விவசாயமே வேண்டாம் என்பதுபோல் எழுதின. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லண்ட், ஆர்னன் என்ற இருவர் 1938இல் நிதானமாகப் பரிசோதித்து, நல்ல மண்ணைவிட இது அதிகம் விளைவிப்பதில்லை, மண் இல்லாத இடத்துக்கே இது உபயோகம் என்றார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை எண்ணித்தான் இந்த வரலாறு முழுவதையும் சொன்னோம். மண் இல்லாத இடம் எது? பசிபிக் சமுத்திரத்து வேக் தீவு ஒன்று. அங்கே 1930களின் கடைசியில், விமானத்தில் இறங்கும் பயணிகளுக்கு இப்படித்தான் காய்கறி விளைவித்தார்கள். லயத்து இஸ்தோப்பு இன்னொன்று.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணமும் உண்டு. 1946இல் டார்ஜிலிங் மாவட்டத்துக் கலிம்பொங்கிலே ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் இதில் பரிசோதனை தொடங்கினார். அதுவும் நம்மூரைப் போலத் தேயிலையும் மழையும் சரிவும் உள்ள நாடு. மோட்டாரும் குழாயும் ஏழைக்கு ஆகாது என்று கண்டு, சரளைக்கல்லும் மணலும் நிரப்பிய தொட்டியிலே உப்பை அளந்து தூவித் தண்ணீர் தெளிக்கும் எளிய முறையை அமைத்தார். வங்காள முறை என்று அதற்குப் பெயர் வந்தது.

மின்சாரமும் மோட்டாரும் வேண்டாத இன்னொரு முறையைப் பிற்காலத்தில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக் கிராட்கி என்பவர் விளக்கினார். நாம் செய்து பார்த்தது அதுதான். கடைத்தெருவில் மீன் வரும் ரிஜிபோம் பெட்டி ஒன்று. கழுவிக் காயவைத்து உள்ளே கறுப்புப் பொலித்தீன் விரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பி, அல்பேர்ட் கலவை என்று பசளைக் கடைகளில் விற்கும் உப்பைப் பொதியில் எழுதிய அளவுக்குக் கரையுங்கள். மூடியிலே வட்டமாகத் துளையிட்டு, அடியில் ஓட்டை போட்ட யோகட் கோப்பைகளைத் தொங்கவிடுங்கள். கோப்பையில் தும்புச்சோறு, அதில் நாற்று. முதலில் கோப்பையின் அடி நீரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேர் இறங்க இறங்க நீர் தானே குறையும். குறையட்டும், விட்டுவிடுங்கள். மேலே உள்ள வேர் காற்றைக் குடிக்கும், கீழே உள்ள வேர் நீரைக் குடிக்கும். சலாதுக் கீரை நாற்று நட்டு ஐந்தாறு கிழமையில் கைக்கு வந்துவிடும்.

முதற்பெட்டியை நாம் கொன்றோம். தண்ணீர் குறைகிறதே, செடி வாடிப்போகுமே என்ற இரக்கத்தால் தினமும் விளிம்புவரை நிரப்பினோம். காற்று வேரெல்லாம் மூழ்கி, பழுப்பாகி, ஒரு கிழமையில் அழுகிய வாடை. இரண்டாம் பெட்டியின் மூடி உடைந்தபோது, மூடி எதற்கு என்று திறந்தே வைத்தோம். வெளிச்சம் பட்டுப் பாசி பிடித்தது. அதைவிட மோசமாக, பத்தாம் நாள் அதில் நுளம்புக் குடம்பிகள் துள்ளி விளையாடின. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எம் இஸ்தோப்பில் நின்றுகொண்டு எமக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். இன்று நாம் ஆற்றுவதைவிட அது நன்றாகவே இருந்தது. இதை வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் வேடிக்கையன்று. 2017இல் இந்நாட்டில் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு டெங்கு கண்டது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருகும்படி நீரைத் தேக்கி வைப்பது குற்றம். பெட்டியின் மூடியும் துளையும் இடைவெளியின்றி அடைபட்டிருக்க வேண்டும். கிழமைக்கொருமுறை திறந்து பார்க்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர் தண்ணீர்ப் பெட்டியைத் தொடவே வேண்டாம், சாக்கோடு நின்றுகொள்ளலாம்.

எம்மைக் கேட்டால், முதலில் சாக்கு, பிறகுதான் பெட்டி என்போம். கூட்டெருவை நம் கையால் ஆக்கலாம். அல்பேர்ட் கலவையைக் கையால் ஆக்க முடியாது. கப்பல் நின்றால் அதுவும் நிற்கும். அதை 2021இல் பார்த்துவிட்டோம்.

இனி 'வீட்டுக்குள்ளே' என்ற சொல்லுக்கு வருவோம். காம்பராவுக்குள் ஒரு சன்னல். அதுவும் அடுப்புப் புகையில் மங்கியது. படிப்பதற்குப் போதுமான வெளிச்சம் கீரைக்குப் போதாது. ஒரு சோதனை சொல்கிறோம். செடி வைக்க நினைத்த இடத்தில் நண்பகலில் கையை நீட்டுங்கள். விரல் நிழல் கூர்மையாக விழுந்தால் அங்கே கீரை வரும். நிழல் மங்கலாய்க் கலைந்து விழுந்தால் செடி வெளிறி நீண்டு சாயும். நாளொன்றுக்கு நாலைந்து மணி நேர வெயிலாவது வேண்டும். அதனால்தான் நாம் காம்பராவை விட்டு இஸ்தோப்பைச் சொல்கிறோம்.

ஆனால் இருட்டுக்கும் பயிர் உண்டு. பாசிப்பயற்றை ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி, காலையும் மாலையும் அலசிவந்தால் மூன்றாம் நாள் முளைவிட்டிருக்கும். காய்ந்த பயற்றில் அநேகமாய் இல்லாத வைட்டமின் சி முளையிலே உண்டாகிவிடுகிறது. தண்ணீரும் துணியும் தவிர ஒரு சதம் செலவில்லை. மற்றொன்று சிப்பிக்காளான். மரத்தூளோடு அரிசித் தவிடு கலந்து பொலித்தீன் பையிலடைத்து, ஆவியில் வேகவைத்து ஆறியபின் காளான் வித்திட்டால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் பை முழுவதும் வெண்ணூல் படரும். பிறகு பையைத் திறந்து ஈரம் காத்தால் காளான் பூக்கும். நம் ஊர்க் குளிரும் மூடுபனியும் அதற்குத் தாய்வீடு. வித்திட்ட பைகளை ஆயத்தமாகவே விற்பவர்கள் உண்டு. தொடங்குபவர் அதை வாங்குவதே புத்தி.

குரங்கைப்பற்றிச் சொல்லாமல் மாத்தளையிலே யாரும் விவசாயம் பேச முடியாது. அரசாங்கமே 2025 மார்ச் 15ஆந் தேதி காலை 8 மணிக்கு நாட்டு மக்களை ஐந்து நிமிஷம் வாசலில் நிறுத்தி, குரங்கையும் மந்தியையும் மயிலையும் மலையணிலையும் எண்ணச் சொல்லிற்று. எண்ணிய பிறகும் அவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. மாலையில் பார்த்துப் பூரித்த பயற்றங்கொடி காலையில் வெறும் பந்தலாய் நிற்கும்போது, விவசாயத்தையே விட்டுவிட்ட பெரியவர்களை இச்சபையிலே பார்க்கிறோம். அவர்களுக்குச் சொல்கிறோம்: இஸ்தோப்பை வலையால் அடைக்கலாம்; இரண்டு ஏக்கரை அடைக்க முடியாது. மஞ்சளையும் இஞ்சியையும் குரங்கு அநேகமாய்த் தொடுவதில்லை. 2020இல் மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தபோது விலை எங்கே போனது என்பது தாய்மார்களுக்குத் தெரியும். பூசைக்குக்கூட நுள்ளி நுள்ளி எடுத்தோம். சித்திரை மழையோடு ஒரு சாக்கில் இரண்டு கிழங்கு ஊன்றினால் எட்டு ஒன்பது மாதத்தில், தைப்பொங்கலுக்குப் பச்சை மஞ்சள் கொத்து நம் வாசலிலேயே இருக்கும்.

கூட்டெரு ஆக்குவது சிரமமன்று. நாற்றமடிக்காமல் ஆக்குவதுதான் பழகவேண்டியது. பச்சைக் கழிவு ஒரு பங்கென்றால் காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு. நாற்றம் வந்தால் சருகு போதவில்லை; பல நாளாகியும் அப்படியே கிடந்தால் ஈரமோ பச்சையோ போதவில்லை. கிழமைக்கொருமுறை கிளறுங்கள். சமைத்த சோறும் மீன்முள்ளும் வேண்டாம், எலி வரும். கிளிசரிடியாத் தழை கிடைத்தால் அள்ளிப் போடுங்கள். அதிலே நைதரசன் நிறைய உண்டு, வேலியோரத்தில் சும்மா நிற்கிறது. இன்னொன்றும் மன்றத்தாருக்குச் சொல்ல வேண்டும். திருவிழா முடிந்ததும் நம் கோயில்களில் அன்னதானத்து வாழையிலையும் வாடிய மாலையும் தோரணத்துக் குருத்தோலையும் எத்தனை வண்டி சேருகின்றன! அவற்றைக் கானிலும் ஆற்றிலும் தள்ளுகிறோம். ஒட்டியிருக்கும் சோற்றை உதறிவிட்டு, கோயில் வளவின் ஒரு மூலையில் நாலு கம்பு நட்டுக் குவித்தால், லயம் முழுவதற்கும் சாக்கு நிரப்ப எரு கிடைக்கும். குருத்தோலையையும் மாலை நாரையும் நறுக்கிப் போட வேண்டும்; நைலோன் நூலையும் பிளாஸ்டிக் பூவையும் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு இளைஞர் படை வேண்டும். இவ்வருஷத் திருவிழாவுக்கு அடுத்த நாள் காலை பத்துப் பேர் வந்தால் போதும். பெயர் கொடுப்பவர்கள் செயலாளரிடம் கொடுக்கலாம்.

விதைக்காகக் காத்திராதீர்கள். சந்தையில் வாங்கும் கங்குன் கட்டின் அடித்தண்டை வெட்டித் தண்ணீரில் நிறுத்தினால் சில நாளில் வேர்விடும். பொன்னாங்காணித் தண்டும் அப்படியே. வல்லாரை கணுவுக்குக் கணு வேரோடுதான் ஓடுகிறது. கறிவேப்பிலைக்கு மட்டும் ஆழமான வாளியும் இரண்டு வருஷப் பொறுமையும் வேண்டும். செடிப்பேன் கண்டால் சவர்க்காரத் தண்ணீரை மெல்லியதாய்க் கரைத்து இலையின் அடிப்புறத்தில் தெளித்துக் கழுவுங்கள். மழைக்காலத்தில் சாக்கின் அடியில் நாலு ஓட்டை உண்டா என்று பாருங்கள். நாலு சாக்குக்கு மேல் முதல் வருஷம் வைக்காதீர்கள். இருபது சாக்கு வைத்து ஆறு மாதத்தில் கைவிட்டவரை அறிவோம். அவரை நீங்களும் அறிவீர்கள், இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறார்.

நாலு சாக்கு ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. மாவும் அரிசியும் பருப்பும் கடையில்தான். காணி கேட்கும் நியாயத்துக்கு இது மாற்றுமன்று. இஸ்தோப்பில் கீரை வளர்க்கிறார்களே, இவர்களுக்கு நிலம் எதற்கு என்று நாளைக்கு யாராவது சொன்னால் அவருக்கு வாலிபர்களே பதில் சொல்லுங்கள். சாக்கு கொடுப்பது கிழமையில் மூன்று நாள் ஒரு கைப்பிடி கீரை, கறிக்கு ஒரு காந்து கறிவேப்பிலை, நாலு பச்சைமிளகாய். கீரைக்கட்டு வாங்கும் காசைக் கொழுந்துக் கூடையோடு இறங்கிவரும் தாய் ஒருத்தி முட்டைக்கு மாற்றலாம்.

பின்விறாந்தையிலே வல்லாரைக் கொடி கொஞ்சம் ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒரு பிடி என்று எடுத்தால் எல்லோருக்கும் வரும். கொண்டுபோய் இன்று மாலையே ஊன்றிவிடுங்கள். நாளைக்கு என்று வைத்தால் வாடிவிடும். முதல் மூன்று நாள் வெயில் படாமல் வையுங்கள். பக்கத்தில் ஒரு பெட்டியும் இருக்கிறது, எமது மூன்றாவது பெட்டி. மூடியைத் தூக்கிப் பார்க்க விரும்புபவர்கள் பார்க்கலாம். பார்த்தபின் மறவாமல் மூடிவிடுங்கள்.